விடை 1.89, மீட்டரில் 0.00

கிர்க்காஃப் விதிகளை நடத்தும்போது, இரண்டு மின்கலங்கள் உள்ள ஒரு சுற்றைப் பலகையில் வரைவோம். சமன்பாடுகளை எழுதுவோம், விடை காண்போம், விடையின் கீழே இரண்டு கோடு போடுவோம். அந்த விடை சரிதானா என்று பாடநூலைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். மின்சுற்றைக் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். இது செய்முறைத் தேர்வுக்கு உரிய சோதனை அல்ல. மதிப்பெண்ணும் இல்லை. தேவையானவையும் எளியவை: ஒரு பிரெட்போர்டு, மூன்று மின்தடையாக்கிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பென்டார்ச் செல்கள், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.

சுற்றை இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாக அமைந்த இரண்டு சன்னல்கள். இடச் சன்னலின் இடப் பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோஓமும் தொடராக. வலச் சன்னலின் வலப் பக்கத்தில் 3 வோல்ட்டும் (இரண்டு செல்கள் தொடராக) 1 கிலோஓமும். இரண்டுக்கும் பொதுவான நடுக்கம்பியில் 2.2 கிலோஓம். இரண்டு மூலங்களின் நேர்முனைகளும் மேல்நோக்கி இருக்கின்றன.

வழக்கமாக ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மின்னோட்டம் என்று பெயரிட்டு, சந்தி விதியையும் சுற்று விதியையும் சேர்த்து மூன்று சமன்பாடுகள் எழுதுவோம். மாக்ஸ்வெல் காட்டிய வழி இதைவிடச் சுருக்கமானது. ஒவ்வொரு சன்னலுக்குள்ளும், அதாவது ஒவ்வொரு கண்ணிக்குள்ளும், வலஞ்சுழியாக ஒரே ஒரு மின்னோட்டம் சுற்றுவதாகக் கொள்ள வேண்டும். இடக் கண்ணிக்கு இ, வலக் கண்ணிக்கு வ. நடுக்கம்பியை இரண்டும் எதிரெதிராகக் கடக்கின்றன. எனவே அங்கே ஓடுவது இ − வ. சந்தி விதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. இரண்டு சமன்பாடுகள் போதும்:

3.2 இ − 2.2 வ = 9
−2.2 இ + 3.2 வ = −3

மின்தடை கிலோஓமில் இருப்பதால் விடை மில்லிஆம்பியரில் வரும். கணித வகுப்பில் படித்த கிரேமர் விதியை இங்கே பயன்படுத்தச் சொன்னேன். "இது மேக்ஸ் சார் நடத்துனது" என்று ஒருவன் முணுமுணுத்தான். அணிக்கோவையின் மதிப்பு 5.4. இ = 22.2 ÷ 5.4 = 4.11. வ = 10.2 ÷ 5.4 = 1.89. நடுக்கம்பியில் 2.22 மில்லிஆம்பியர், அதன் குறுக்கே 4.89 வோல்ட்.

நடுக்கம்பியில் இரண்டையும் கழிக்காமல் கூட்டிவிடுகிற பிழை ஒவ்வோர் ஆண்டும் வரும். அதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியதில்லை. கூட்டினால் 6 மில்லிஆம்பியர், நடுவே 13.2 வோல்ட் ஆகும். 9 வோல்ட்டும் 3 வோல்ட்டும் மட்டுமே உள்ள சுற்றில் 13.2 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் போதும், அவர்களே அழித்துவிடுவார்கள்.

ஒரு நிபந்தனை வைத்தேன். முன்கணிப்பைப் பேனாவால் எழுதி என்னிடம் காட்டிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். அளந்ததை அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது.

பேட்டரியை இணைக்கும் முன் இன்னொரு கணக்கும் போட்டோம். வ என்பதன் குறி நேர்மறை. அப்படியென்றால் 3 வோல்ட் மூலத்தின் நேர்முனை வழியாக மின்னோட்டம் உள்ளே போகிறது. அந்த மூலம் ஆற்றலைத் தரவில்லை, வாங்குகிறது. 9 வோல்ட் பேட்டரி தருவது 37 மில்லிவாட். மூன்று மின்தடையாக்கிகளிலும் வெப்பமாவது ஏறத்தாழ 31.3. மீதி 5.7 மில்லிவாட்டும் செல்களுக்குள் போகிறது. சாதாரண உலர் மின்கலத்தை மின்னேற்றம் செய்யக் கூடாது என்பது நமக்குத் தெரியும். இங்கே 2 மில்லிஆம்பியருக்கும் குறைவாக, அளக்கும் ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும் என்பதால் கேடில்லை. இணைப்பை அப்படியே விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போய்விடக் கூடாது. மின்தடைகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்து பார்ப்பதும் வேண்டாம்.

இந்த 5.7 மில்லிவாட்டில்தான் நான் சறுக்கினேன்.

ஆறு குழுக்கள். செல்கள் நான்கு குழுக்களுக்கே இருந்தன. மீதி இரண்டு குழுக்களுக்கு ஆய்வகத்தின் பேட்டரி எலிமினேட்டர்களைக் கொடுத்து, 3 வோல்ட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீட்டரில் பார்த்தபோது இரண்டும் சரியாக 3.0 காட்டின. மூலம் என்றால் மூலம்தானே என்பது என் எண்ணம்.

அன்று மாலை நோட்டுகளைத் திருத்தினேன். ஐந்து குழுக்களின் அளவீடுகள் கணக்கை ஒட்டியே இருந்தன. ஆறாவது குழுவின் பக்கத்தில் இடக் கண்ணி 2.81, வலக் கண்ணி 0.00, நடுக்கம்பி 2.81 என்று இருந்தது. இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, "மீண்டும் செய்க" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

மறுநாள் அந்தக் குழு மீண்டும் செய்தது. கம்பிகளை மாற்றியது, பிரெட்போர்டை மாற்றியது. அதே 0.00. அந்தக் குழுவின் மாணவி வந்து, "சார், எங்க மீட்டர் சரியாத்தான் இருக்கு. எலிமினேட்டரைத் திருப்பிப் போட்டா கணக்குல வர்றது அப்படியே வருது. நேரா போட்டா மட்டும் பூச்சியம் காட்டுது" என்றாள். நான் அவர்களைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை. அவர்களாகவே போட்டுப் பார்த்து, அதற்கும் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

இணைப்பு விட்டுப்போயிருந்தால் இரண்டு திசையிலும் பூச்சியம்தான் வரும். ஒரு திசையில் மட்டும் வேலை செய்யாத பொருள் என்றால், குறைக்கடத்திப் பாடம் நடத்திய ஒருவருக்கு உடனே டையோடு நினைவுக்கு வர வேண்டும். எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு எலிமினேட்டர் முனைகளின் குறுக்கே வோல்ட்மீட்டரை வைக்கச் சொன்னேன். 3.0 இருக்க வேண்டிய இடத்தில் 6.18 காட்டியது.

எலிமினேட்டருக்கு மின்னோட்டத்தை வெளியே தள்ளத் தெரியும். உள்ளே வாங்கிக்கொள்ளத் தெரியாது. அதற்குள் இருக்கும் திருத்தி டையோடுகளும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் டிரான்சிஸ்டரும் ஒருவழிப் பாதைகள். வெளியிலிருந்து மின்னோட்டம் உள்ளே வர முயன்றால் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. அந்தக் கிளையே துண்டிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. மிஞ்சுவது 9 வோல்ட்டும் 3.2 கிலோஓமும் மட்டுமே: 9 ÷ 3.2 = 2.81 மில்லிஆம்பியர். நடுக்கம்பியின் குறுக்கே 6.19 வோல்ட். வலப் பக்கம் மின்னோட்டம் இல்லாததால் அந்த மின்னழுத்தம் அப்படியே எலிமினேட்டரின் முனைகளில் தெரிகிறது. அந்த மாணவியின் மூன்று எண்களும் மிகச் சரியானவை.

கிர்க்காஃப் விதி தவறிவிட்டதா என்று வகுப்பில் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். 1845இல், 21 வயதில், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது கிர்க்காஃப் வெளியிட்ட விதிகள் இங்கே எந்த இடத்திலும் மீறப்படவில்லை. சந்திக்கு 2.81 வருகிறது, 2.81 போகிறது. வலக் கண்ணியில் 6.19இலிருந்து 6.19ஐக் கழித்தால் பூச்சியம். தவறியது சமன்பாட்டின் வலப்பக்கத்தில் நான் எழுதிய −3தான். எது நடந்தாலும் இந்த மூலம் 3 வோல்ட்டிலேயே நிற்கும் என்று யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இனி எஞ்சியிருக்கும் கேள்விக்கு வருவோம். எலிமினேட்டர் கொடுத்தது இரண்டு குழுக்களுக்கு. இன்னொரு குழுவின் நோட்டில் 1.89 எப்படி வந்தது? அந்த எலிமினேட்டரையும் எடுத்து இணைத்துப் பார்த்தேன். அதுவும் 0.00தான் காட்டியது. நான் அவர்களைத் திட்டவில்லை. கணக்கோடு பொருந்திய பக்கத்துக்கு "சரி" போட்டுவிட்டு, பொருந்தாத பக்கத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். எந்த எண்ணை எழுதினால் சாருக்குப் பிடிக்கும் என்பதை அவர்கள் பத்தாம் வகுப்புக்கு முன்பே கற்றுக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாள் இரண்டு பக்கங்களையும் வாங்கி, "மீண்டும் செய்க" என்பதை அடித்துக் கையெழுத்திட்டேன். மற்றதில் "சரி" என்று போட்டதையும் அடித்தேன்.

எலிமினேட்டரை வைத்தே இந்தச் சோதனையைச் செய்ய ஒரு வழி உண்டு. அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 470 ஓம் மின்தடையாக்கி ஒன்றை இணைத்துவிட வேண்டும். 3 வோல்ட்டில் அது 6.4 மில்லிஆம்பியரை எடுத்துக்கொள்ளும். சுற்றிலிருந்து வரும் 1.89 அதன் வழியாகப் போய்விடும். மீதி 4.5ஐ எலிமினேட்டர் கொடுக்கும். அது இப்போதும் வெளியே தள்ளும் நிலையிலேயே இருப்பதால் 3 வோல்ட்டில் நிற்கும். இணைத்தோம். மீட்டர் 1.88 காட்டியதும் அந்தக் குழு மேசையைத் தட்டியது.

திருப்பிப் போடும் சோதனையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். உண்மையில் எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. 3 வோல்ட் மூலத்தின் முனைகளை மாற்றினால் இரண்டாம் சமன்பாட்டின் வலப்பக்கம் +3 ஆகும். கணக்குப் போடும் முன் வகுப்பில் கை தூக்கச் சொன்னேன்: நடுக்கம்பியில் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? பெரும்பாலோர் கூடும் என்றார்கள். "இப்ப ரெண்டு பேட்டரியும் ஒரே பக்கமா தள்ளுது சார்" என்பது காரணம். காரணம் பாதி சரி. இ 6.56 ஆகிறது, வ 5.44 ஆகிறது, இரண்டும் கூடித்தான் இருக்கின்றன. ஆனால் நடுவே அவற்றின் வேறுபாடு 1.11 மட்டுமே. முன்பிருந்த 2.22இல் சரிபாதி. நடுக்கம்பியின் மின்னோட்டம் முதல் அமைப்பில் 9 + 3க்கு ஏற்பவும், இப்போது 9 − 3க்கு ஏற்பவும் அமைகிறது என்பதை அவர்களையே கண்டுபிடிக்க விடலாம். மீட்டர் 2.44 வோல்ட் காட்டும்போது, கை தூக்கியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. மலிவான மல்டிமீட்டர்களில் மின்னோட்ட அளவுக்கு 2 மில்லிஆம்பியர் நிலை, 20 மில்லிஆம்பியர் நிலை என்று தனித்தனியாக இருக்கும். 1.89ஐ அளக்க 2 மில்லிஆம்பியர் நிலையே துல்லியமானது என்று நல்ல மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நிலையில் மீட்டருக்குள் இருக்கும் இணைத்தட மின்தடை ஏறத்தாழ 100 ஓம். 20 மில்லிஆம்பியர் நிலையில் அது 10 ஓம். நம் கிளையில் இருப்பதே 1000 ஓம்தான். அதில் 100 ஓமைத் தொடராகச் சேர்த்தால் அளக்கப்படும் சுற்றே வேறு. கணக்கிட்டால் வலக் கண்ணியில் 1.78 வரும். 10 ஓம் சேர்த்தால் 1.88. இலக்கங்கள் அதிகமாகக் காட்டும் நிலையில்தான் பிழையும் அதிகம். இதை வாயால் சொல்லாமல், இரண்டு நிலைகளிலும் அளக்கச் சொல்லி, ஏன் மாறுகிறது என்று அவர்களிடமே விட்டேன். மீட்டரின் மின்தடையைச் சமன்பாட்டில் சேர்த்து, 3.2க்குப் பதில் 3.3 என்று எழுதி 1.78ஐ வரவழைத்தது ஒரு குழு.

அதன்பின் நாங்கள் அம்மீட்டரையே விட்டுவிட்டோம். மின்தடையாக்கியின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து, மின்தடையால் வகுத்துவிடுகிறோம். வோல்ட்மீட்டராக இருக்கும்போது அதே மீட்டரின் மின்தடை 1 மெகாஓம் அளவில் இருப்பதால், நம் கிலோஓம் சுற்றை அது ஏறக்குறையத் தொந்தரவு செய்வதில்லை. கம்பியைப் பிரித்து நடுவே மீட்டரைச் செருகும் வேலையும் இல்லை. மின்னோட்ட நிலையில் இருக்கும் மீட்டரைத் தெரியாமல் பேட்டரிக்குக் குறுக்கே வைத்து ஃபியூஸைப் போக்கும் விபத்தும் குறைகிறது.

வகுப்பதற்கு முன் மின்தடையை அளந்துகொள்ள வேண்டும். தங்க வளையம் என்றால் 5 விழுக்காடு வரை மாறுபடலாம். எங்கள் ஒரு குழுவின் 1 கிலோஓம்கள் 983 ஓம், 991 ஓம் என்றும், 2.2 கிலோஓம் 2.17 என்றும் இருந்தன. புதிய 9 வோல்ட் பேட்டரி 9.28 வோல்ட், இரண்டு செல்கள் சேர்ந்து 3.14 வோல்ட். இவற்றை இட்டு மீண்டும் கணக்கிட்டால் மூன்று மின்தடைகளின் குறுக்கேயும் 4.21, 1.93, 5.07 வோல்ட் வர வேண்டும். அளந்தபோது வந்தவை 4.20, 1.93, 5.06. எஞ்சிய 0.01 வோல்ட் எங்கே போயிற்று என்று தேடியவர்கள், சுற்றில் இருக்கும்போது பேட்டரியின் முனைகளை அளந்து 9.26 என்று கண்டார்கள். 4.3 மில்லிஆம்பியருக்கு 0.02 வோல்ட் இறக்கம் என்றால் அகமின்தடை சுமார் 5 ஓம். மீட்டரின் கடைசி இலக்கத்தை வைத்துக்கொண்டு இதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் எழுதச் சொன்னேன்.

நேரமுள்ளவர்கள் 6.19 என்ற எண்ணுக்குத் திரும்பலாம். வலப்பக்க மூலம் சரியாக 6.19 வோல்ட்டாக இருந்தால் வ பூச்சியமாகிவிடும். அந்த மூலம் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. மின்னழுத்தமானியில் கால்வனாமீட்டர் பூச்சியம் காட்டும் சமநிலைப் புள்ளியில் நடப்பதும் இதுவே.

இந்த ஆண்டு மூன்றாவது சன்னலையும் சேர்த்திருக்கிறோம். அதன் வலப் பக்கத்தில் இன்னொரு 1 கிலோஓமும், நேர்முனை மேலாக 6 வோல்ட் மூலமும். மூன்று சமன்பாடுகள், மூன்றுக்கு மூன்று அணிக்கோவை. கண்ணி மின்னோட்டங்கள் 3.79, 1.42, −0.79 என்று வரும். குறைக் குறியைக் கண்டதும் பிழை என்று அழிக்கப் போவார்கள், தடுக்க வேண்டும். மூன்றாவது மூலம் வாங்கவில்லை, கொடுக்கிறது என்பதுதான் அதன் பொருள். 3 வோல்ட்டுக்குச் செல்களைத்தான் வைக்க வேண்டும், ஏனெனில் அதற்குள் 2.21 மில்லிஆம்பியர் போகிறது. 6 வோல்ட் இடத்தில் எலிமினேட்டரைத் துணிந்து வைக்கலாம். ஆனால் அதன் குமிழை 4.5க்குத் திருப்பினால் என்ன ஆகும் என்று, இணைக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்கிறேன். சென்ற வாரம் மூன்று குழுக்கள் எழுதிக் கொடுத்தன: மூன்றாவது கண்ணியில் 0.00, எலிமினேட்டர் முனைகளில் 4.89 வோல்ட்.